கரைப்பான் மாறினால் கலமும் மாற வேண்டும்: கிராஃபீன் மின்முனை பற்றிய வாசகர் கேள்விகள்

தண்ணீரை விட்டுவிட்டு அசிட்டோநைட்ரைல், அயனித் திரவம் (அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு), ஆழ் யூடெக்டிக் கலவை (சேர்ந்ததும் உருகுநிலை வெகுவாகக் குறையும் கலவை) என வேறு கரைப்பான்களில் கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) மின்முனையை ஓட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பெரும்பாலான கடிதங்கள் ‘கிராஃபீன் கெட்டுவிட்டதா?’ என்றுதான் முடிகின்றன. கரைப்பானை மட்டும் மாற்றிவிட்டு, அடைப்பு வளையம், ஒப்பீட்டு மின்முனை (மின்னழுத்தத்தை அளக்க நிலையான அடிப்படை தருவது), உலர்த்தும் முறை, வருடல் வேகம் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் வேகம்) எல்லாவற்றையும் பழையபடியே விட்டுவைப்பதுதான் இவற்றில் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

கேள்வி: செப்புத் தகட்டில் வளர்த்து சிலிக்கான் ஆக்சைடு மேல் மாற்றிய ஒற்றை அடுக்கு கிராஃபீன் வைத்திருக்கிறேன். 3 மி.மீ. விட்டமுள்ள வட்டம் மட்டும் கரைசலைத் தொடும். 1 மில்லிமோலார் ஃபெரோசீனை (எலக்ட்ரானை எளிதில் கொடுத்து வாங்கும் இரும்புச் சேர்மம்) அசிட்டோநைட்ரைலில் நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் ஓட்டினால் போகும்போதும் திரும்பும்போதும் வரும் மின்னோட்ட முகடுகளின் இடைவெளி 175 மில்லிவோல்ட். அதே மின்முனை, அதே செறிவு, அயனித் திரவத்தில் 75 மில்லிவோல்ட்தான். அயனித் திரவத்தில் கிராஃபீன் எலக்ட்ரானை வேகமாகப் பரிமாறுகிறது என்று எழுதலாமா? (ஆய்வு மாணவி)

எழுத வேண்டாம். முதலில் மின்னோட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அசிட்டோநைட்ரைலில் ஃபெரோசீனின் விரவல் கெழு (கரைசலில் மூலக்கூறு பரவும் வேகத்தின் அளவு) நொடிக்குச் சுமார் 2.4 × 10⁻⁵ ச.செ.மீ. உங்கள் வட்டத்தின் பரப்பு 0.0707 ச.செ.மீ. ராண்டில்ஸ்–செவ்சிக் சமன்பாட்டில் இவற்றைப் போட்டால் முகட்டு மின்னோட்டம் ஏறக்குறைய 30 மைக்ரோ ஆம்பியர் வரும். அயனித் திரவத்தின் பாகுநிலை அதிகம் என்பதால் விரவல் கெழு நூறு மடங்கு வரை குறையும். மின்னோட்டம் அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே பத்தில் ஒரு பங்காகி, 3 மைக்ரோ ஆம்பியரில் நிற்கும்.

இனி மின்தடை. மாற்றி ஒட்டிய ஒற்றை அடுக்கு கிராஃபீனின் தகட்டு மின்தடை சதுரத்துக்குச் சில நூறு ஓமிலிருந்து ஆயிரம் ஓமுக்கு மேலும் போகும். வெள்ளிப் பசை இணைப்பும், அங்கிருந்து வட்டம் வரையுள்ள கிராஃபீன் பாதையும் சேர்ந்து 2 கிலோ ஓம் என்று வையுங்கள். 30 மைக்ரோ ஆம்பியர் ஓடும்போது 60 மில்லிவோல்ட் அங்கேயே வீணாகிறது. போகும்போது ஒரு பக்கமும் திரும்பும்போது மறு பக்கமும் முகடு தள்ளப்படுவதால், 59 மில்லிவோல்ட்டாக இருக்க வேண்டிய இடைவெளி 175 ஆகிறது. 3 மைக்ரோ ஆம்பியரில் அதே மின்தடையில் விழுவது 6 மில்லிவோல்ட்தான். அயனித் திரவத்தின் சொந்த மின்தடை சில நூறு ஓமைச் சேர்த்தாலும் இடைவெளி 75-ஐ ஒட்டியே நிற்கும். நீங்கள் கண்டது ஓம் விதி; வினை வேகத்தைப் பற்றி இந்த எண்கள் எதையும் சொல்லவில்லை. பாகுநிலை கூடினால் எலக்ட்ரான் பரிமாற்ற வேகம் பொதுவாகக் குறையவே செய்யும்.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. வருடல் வேகத்தை மாற்றாமல் ஃபெரோசீன் செறிவை 0.2, 1, 5 மில்லிமோலார் என மாற்றி ஓட்டுங்கள். செறிவு கூடக்கூட இடைவெளி விரிந்தால் குற்றவாளி மின்தடை. செறிவைப் பொருட்படுத்தாமல் வருடல் வேகத்துக்கு மட்டும் விரிந்தால் அது வினை வேகம். இந்தச் சோதனை இல்லாமல் கிராஃபீனின் வினை வேக மாறிலியைக் கணக்கிடுவது வீண் வேலை.

மின்தடையைக் குறைக்க வட்டத்தைச் சுற்றி வளையமாகத் தங்க இணைப்பு போடுங்கள். வட்டத்தின் விளிம்புக்கும் தங்கத்துக்கும் இடையே 1 அல்லது 2 மி.மீ. போதும். ஒரு மூலையில் மட்டும் வெள்ளிப் பசை வைத்து 1 செ.மீ. கிராஃபீனைக் கடந்து மின்னோட்டம் வரவேண்டும் என்றால் வட்டத்தின் அருகு முனையும் தொலை முனையும் வேறு வேறு மின்னழுத்தத்தில் இருக்கும். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான பொட்டன்ஷியோஸ்டாட்டின் மின்தடை ஈடுகட்டல் இதை முழுதாகச் சரிசெய்யாது, ஏனெனில் அது ஒரே எண்ணைத்தான் கழிக்கும். இங்கே மின்தடை பரவிக் கிடக்கிறது. வட்டத்தை 1 மி.மீ. ஆக்கினால் பரப்பும் மின்னோட்டமும் ஒன்பதில் ஒரு பங்காகும். அது நல்ல வழி. அயனித் திரவத்தில் குறிப்பலை சிறியது என்று செறிவை 10 மில்லிமோலாருக்கு ஏற்றுபவர்கள் விட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார்கள்.

கேள்வி: கோலின் குளோரைடு ஆழ் யூடெக்டிக் கலவையை நானே தயாரிக்க விரும்புகிறேன். யூரியாவா, எத்திலீன் கிளைக்காலா? அளவு என்ன? முதல் முயற்சியில் அம்மோனியா வாடை வந்தது. வெறும் கரைப்பானை ஓட்டியபோதும் இரண்டு இடங்களில் முகடு தெரிந்தது. (முதுகலை மாணவர்)

கோலின் குளோரைடு 302 டிகிரி செல்சியஸிலும் யூரியா 133 டிகிரியிலும் உருகுபவை. ஒன்றுக்கு இரண்டு மோல் விகிதத்தில் சேர்ந்தால் 12 டிகிரியிலேயே திரவமாகிவிடுகின்றன என்று ஆண்ட்ரூ ஆபட் குழுவினர் 2003-இல் காட்டினர். பெயர் பெற்றது யூரியாக் கலவை. கிராஃபீன் மின்முனைக்கு நாங்கள் சொல்வது எத்திலீன் கிளைக்கால் கலவை. 25 டிகிரியில் யூரியாக் கலவையின் பாகுநிலை 750 மில்லிபாஸ்கல் நொடியை ஒட்டியது. கிளைக்கால் கலவையில் 37-தான். கடத்துத்திறனும் பல மடங்கு மேல்.

50 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்க: கோலின் குளோரைடு 27.9 கிராம் (0.2 மோல்), எத்திலீன் கிளைக்கால் 24.8 கிராம் (0.4 மோல்). யூரியா என்றால் 24.0 கிராம். கோலின் குளோரைடு காற்றில் உள்ள ஈரத்தை நொடியில் பிடித்துக்கொள்ளும். எடை போடுவதற்கு முன் 70 டிகிரியில் வெற்றிடத்தில் ஓர் இரவு வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடை போடுவதில் ஒரு பங்கு தண்ணீர், விகிதமும் தவறும். மூடிய குடுவையில் 60 முதல் 70 டிகிரியில் கிளறினால் தெளிந்த திரவமாகும். யூரியாவுக்கு 80 டிகிரி வரை போகலாம், அதைத் தாண்டக் கூடாது. அம்மோனியா வாடை யூரியா சிதைந்ததன் அடையாளம். அந்தக் கலவையைக் கொட்டிவிடுங்கள். கரைந்த அம்மோனியா பின்னணியை மாற்றிவிடும்.

அந்த இரண்டு முகடுகளுக்கு வருவோம். செப்புத் தகட்டில் வளர்த்த கிராஃபீன் என்றால் எங்கள் முதல் சந்தேகம் மிச்சமிருக்கும் செம்பின் மேல்தான். தண்ணீரில் செம்பு பெரும்பாலும் ஒரே இரண்டு-எலக்ட்ரான் படியில் படிந்து, ஒரே கூர்மையான முகடாகக் கரையும். குளோரைடு நிறைந்த இந்தக் கலவையில் செம்பு(I) குளோரைடு அணைவாக நிலைத்து நிற்பதால் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் தனிப்படி கிடைக்கிறது: நேர்ப்பக்கத்தில் செம்பு(II)/செம்பு(I) சமச்சீரான ஜோடி, அதிலிருந்து நன்றாக விலகி எதிர்ப்பக்கத்தில் உலோகச் செம்பின் கூர்மையான கரைவு முகடு. சந்தேகத்தைத் தீர்க்க 17 மி.கி. செப்பு குளோரைடு இருநீரேற்றை 10 மி.லி. கலவையில் கரையுங்கள், அதில் 0.1 மி.லி.யை 10 மி.லி. புதுக் கலவையில் சேர்த்தால் 0.1 மில்லிமோலார். இதைக் கிளாஸி கார்பன் (கண்ணாடி போன்ற கார்பன்) மின்முனையில் ஓட்டி, உங்கள் முகடுகள் அதே இடங்களில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

விழுந்தால், தவறு, கிராஃபீனைச் செப்புத் தகட்டிலிருந்து மாற்றும் படியில். 0.1 மோலார் அம்மோனியம் பெர்சல்ஃபேட்டில் (100 மி.லி.க்கு 2.28 கிராம்) தகடு கண்ணுக்கு மறைந்த பிறகும் சில மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு தண்ணீர் 20 பங்கு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1, 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு 1 என்ற கலவையில் சில நிமிடம், அதன்பின் மூன்று முறை புதுத் தண்ணீர். தகட்டின் பின்புறம் வளர்ந்த கிராஃபீனை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் முன்பே அகற்றாவிட்டால் அது மடிந்து ஒட்டி, செப்புத் துணுக்குகளை உள்ளே பூட்டி வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: இந்தக் கலவையில் நேர்ப்பக்க எல்லை குளோரைடு ஆக்சிஜனேற்றம். மின்னோட்டம் செங்குத்தாக ஏறத் தொடங்கும் இடத்துக்கு 0.2 வோல்ட் முன்பே திரும்பிவிடுங்கள். அங்கே பிறக்கும் குளோரின் ஒற்றை அடுக்கைத் தின்றுவிடும். கிராஃபைட் தண்டு தாங்கும், 0.335 நானோமீட்டர் தடிமனில் தாங்க எதுவும் இல்லை.

கேள்வி: அச்சிட்ட கிராஃபீன் மின்முனை டைமெத்தில் சல்ஃபாக்சைடில் அரை மணியில் கறுப்புக் கரைசலாகிறது. நகப்பூச்சு கொண்டு விளிம்பை அடைத்த மின்முனையும் அசிட்டோநைட்ரைலில் கசிகிறது.

அச்சு மையில் கிராஃபீனைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பாலிமர். டைமெத்தில் சல்ஃபாக்சைடு, புரொப்பிலீன் கார்பனேட், அசிட்டோநைட்ரைல் எல்லாமே அதற்குக் கரைப்பான் ஆகக்கூடியவை. நகப்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ், அதுவும் இவற்றில் கரையும், கரைந்தது கிராஃபீன் மேல் மெல்லிய படலமாகப் பரவும். கீட்டோன் வகைக் கரைப்பான்களில் வைட்டான் (ஃப்ளூரோ ரப்பர்) அடைப்பு வளையங்கள் உப்பிவிடும். பெர்ஃப்ளூரோ ரப்பர் வளையமோ டெஃப்ளான் உறை போட்ட வளையமோ வாங்குங்கள்.

முன்சோதனை ஒன்று செய்துவிட்டால் ஒரு வாரம் மிச்சமாகும். அடைப்புப் பொருளின் சிறு துண்டை 5 மி.லி. கரைப்பானில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் காயவிடுங்கள். வளையமாகப் படலம் நின்றால் அந்தப் பொருள் வேண்டாம்.

அயனித் திரவமாக இருந்தால் அடைப்பே தேவையில்லை. 50 முதல் 100 மைக்ரோ லிட்டர் சொட்டை நேரடியாகக் கிராஃபீன் மேல் வைத்து, மேலிருந்து மெல்லிய பிளாட்டினம் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சொட்டுக்குள் இறக்குங்கள். ஆவியாகாது என்பதால் மணிக்கணக்கில் நிற்கும். சொட்டின் பரப்பை மேலிருந்து படம் எடுத்து அளந்துகொள்ளுங்கள். கிராஃபீனில் சில அயனித் திரவங்கள் மெல்லப் படர்வதால் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும்.

கேள்வி: வழக்கமான வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை அசிட்டோநைட்ரைலில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் 40, 50 மில்லிவோல்ட் நகர்கிறது.

நகரத்தான் செய்யும். உள்ளே பொட்டாசியம் குளோரைடின் நீர்க்கரைசல். வெளியே கரிமக் கரைப்பான். துணை மின்பகுளி (கரைசலில் மின்சாரம் கடத்தச் சேர்க்கும் உப்பு) பெர்குளோரேட் என்றால் நுண்துளை அடைப்பிலேயே பொட்டாசியம் பெர்குளோரேட் படிந்து வழியை மூடும். கூடவே நீங்கள் பாடுபட்டு உலர்த்திய கரைப்பானுக்குள் தண்ணீர் கசிகிறது.

அசிட்டோநைட்ரைலுக்கு 0.01 மோலார் வெள்ளி நைட்ரேட்டும் 0.1 மோலார் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஹெக்சாஃப்ளூரோஃபாஸ்பேட்டும் சேர்ந்த அசிட்டோநைட்ரைலில் வெள்ளிக் கம்பி. 50 மி.லி.க்கு அந்த உப்பு 1.94 கிராம். இருட்டில் வையுங்கள்; வாராவாரம் கரைசலை மாற்றுங்கள். அயனித் திரவத்தில் வெறும் வெள்ளிக் கம்பி போதும், ஆனால் அதைத் தனிக் குழாயில் அதே திரவத்துடன் வைக்க வேண்டும்.

எதை வைத்தாலும் எல்லா அளவீடும் முடிந்தபின் அதே கலத்தில் ஃபெரோசீன் சேர்த்து ஒரு முறை ஓட்டி, மின்னழுத்தங்களை ஃபெரோசீனியம்/ஃபெரோசீன் அடிப்படையில் குறியுங்கள். நீரற்ற கரைப்பான்களுக்கு 1984-இல் ஐயுபிஏசி (பன்னாட்டு வேதியியல் ஒன்றியம்) பரிந்துரைத்த முறை இது. 10 மி.லி.யில் 18.6 மி.கி. கரைத்தால் 10 மில்லிமோலார் இருப்புக் கரைசல். முதலிலேயே சேர்க்காதீர்கள். கோலின் குளோரைடு கலவைகளில் ஃபெரோசீன் மிகக் குறைவாகவே கரையும். அங்கே ஃபெரோசீன் மெத்தனால் எளிது.

கேள்வி: ஒற்றை அடுக்கில் மின்தேக்குத் திறன் ச.செ.மீ.க்கு 20 மைக்ரோ ஃபாரடே வரும் என்று எதிர்பார்த்தேன். அயனித் திரவத்தில் அளந்தால் 7, 8-ஐத் தாண்டவில்லை. வரைபடம் V வடிவில் இருக்கிறது.

உங்கள் அளவீடு சரியானது. உலோகத்தில் கரைசல் பக்கத்து இரட்டை அடுக்கு மட்டுமே மின்தேக்குத் திறனைத் தீர்மானிக்கும். ஒற்றை அடுக்கு கிராஃபீனில் டிராக் புள்ளிக்கு (இரு எலக்ட்ரான் பட்டைகள் தொடும் ஆற்றல்) அருகே எலக்ட்ரான் நிலைகள் மிகக் குறைவு. அதனால் கிராஃபீனுக்குள்ளேயே குவாண்டம் மின்தேக்குத் திறன் என்று ஒன்று தொடராக வந்து நிற்கிறது. தொடரில் சிறியதுதான் ஆளும். 2009-இல் அயனித் திரவத்தை வைத்தே இதை நேரடியாக அளந்து காட்டினார்கள். மிகக் குறைந்த மதிப்பு ச.செ.மீ.க்குச் சுமார் 7 மைக்ரோ ஃபாரடே, இருபுறமும் ஏறும் V வடிவம். ஆக, V-யின் அடிப்புள்ளி உங்களுக்கு டிராக் புள்ளியைக் காட்டுகிறது. அது எதிர்பார்த்த இடத்திலிருந்து விலகியிருந்தால் மாற்றும்போது தாங்கியாகப் பூசிய பி.எம்.எம்.ஏ. பாலிமரின் மிச்சமோ அடித்தளமோ கிராஃபீனில் மின்னூட்டம் ஏற்றியிருக்கிறது. அடுக்குகள் கூடினால் பள்ளம் ஆழம் குறையும். 20-ஐப் பெற வேண்டும் என்று வருடல் எல்லையை அகட்டிக்கொண்டே போனால் கிராஃபீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து எண் ஏறும். அந்த ஏற்றம் ஏமாற்று.

கேள்வி: புரொப்பிலீன் கார்பனேட்டில் லித்தியம் பெர்குளோரேட், பல அடுக்கு கிராஃபீன் படலம் எதிர்ப்பக்கம் போனதும் செதில் செதிலாக உரிகிறது.

லித்தியம் அயனி புரொப்பிலீன் கார்பனேட் மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டே அடுக்குகளுக்கு நடுவே நுழைகிறது. உள்ளே அவை சிதைந்து வாயு வெளிவருகிறது, அடுக்குகள் பிளக்கின்றன. லித்தியம் மின்கலங்களில் கிராஃபைட்டுக்கு எத்திலீன் கார்பனேட் இன்றியமையாததற்குக் காரணம் இதுவே. அது முதலில் சிதைந்து காப்புப் படலம் போடுகிறது. உங்களுக்கு லித்தியம் தேவையில்லை என்றால் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் உப்புக்கு மாறுங்கள். ஆனால் அந்தப் பெரிய அயனியும் மிகுந்த எதிர் மின்னழுத்தத்தில் நுழையும். கிராஃபைட்டை உரித்துக் கிராஃபீன் எடுக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். எல்லை தெரிய, முதலில் பலியிடத்தக்க ஒரு துண்டில் 0.1 வோல்ட் படிகளாக இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: வெறும் அயனித் திரவத்தில் எதிர்ப்பக்கம் ஒரு மேடு வருகிறது. ஆர்கான் பத்து நிமிடம் விட்டும் போகவில்லை. தண்ணீரா, ஆக்சிஜனா?

இரண்டும் இருக்கும். ஆக்சிஜனின் முதல் ஒடுக்கம், அசிட்டோநைட்ரைலில் ஃபெரோசீனை 0 என வைத்தால் −1.2, −1.3 வோல்ட்டுக்கு அருகே வரும். உலர்ந்த திரவத்தில் அது மீளும் ஜோடி: ஆக்சிஜன், ஓர் எலக்ட்ரான் ஏற்ற அதன் வடிவமான சூப்பராக்சைடு. தண்ணீர் இருந்தால் திரும்பும் முகடு மறையும். மேடு ஆர்கானுக்குக் குறைந்தால் ஆக்சிஜன். பத்து நிமிடம் அசிட்டோநைட்ரைலுக்குப் போதும். பிசுபிசுப்பான திரவத்தில் குமிழிகள் ஒரே தடத்தில் மேலேறிப் போய்விடும். கிளறிக்கொண்டே 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் விடுங்கள், அல்லது வெற்றிடத்தில் வாயுவை இறக்குங்கள். சூப்பராக்சைடு, பல அயனித் திரவங்களின் நேர் அயனியான இமிடசோலியத்தின் வளையத்தைத் தாக்குவதால் ஆக்சிஜனோடு பல சுற்று ஓட்டிய திரவத்தை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

தண்ணீரின் அளவைப் பலர் உணர்வதில்லை. டிஎஃப்எஸ்ஐ எனும் ஃப்ளூரின் கொண்ட எதிர் அயனியுள்ள அயனித் திரவத்தின் அடர்த்தி மி.லி.க்குச் சுமார் 1.4 கிராம். அதில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) தண்ணீர் என்றால் 78 மில்லிமோலார். நீங்கள் அளக்கும் ஃபெரோசீன் 1 மில்லிமோலார்தான்! 70 டிகிரியில், மெல்லிய அடுக்காகக் கிளறியபடி, வெற்றிடத்தில் 24 முதல் 48 மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை அளக்கும் கார்ல் ஃபிஷர் முறையில் 100 பிபிஎம்முக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். அயனித் திரவத்தில் மூலக்கூறு சல்லடை (தண்ணீரை உறிஞ்சும் நுண்துளைத் துகள்) போட வேண்டாம். துகளைப் பிறகு வடிகட்ட முடியாது. அசிட்டோநைட்ரைலுக்கு 3 ஆங்ஸ்ட்ராம் சல்லடை, 100 மி.லி.க்கு 10 கிராம். 300 டிகிரியில் ஓர் இரவு சூடாக்கியதாக இருக்க வேண்டும். 4 ஆங்ஸ்ட்ராம் வேண்டாம், அதன் துளைக்குள் அசிட்டோநைட்ரைலே நுழையும். ஆர்கானையும் முதலில் அதே கரைப்பான் குடுவை வழியே செலுத்துங்கள், இல்லாவிட்டால் கலத்தில் கரைப்பான் ஆவியாகிச் செறிவு ஏறும்.

பழைய டெட்ராஃப்ளூரோபோரேட், ஹெக்சாஃப்ளூரோஃபாஸ்பேட் திரவங்களில் ஈரம் இருந்து சூடும் சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு பிறக்கும். கண்ணாடி மங்கியிருந்தால் அந்தக் குடுவையைத் திறக்காமல் கழிவுக்கு அனுப்புங்கள். இவற்றை உலர்த்தவே 70 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

கேள்வி: என்-மெத்தில் பைரோலிடோனுக்குப் பதில் சைரீன் அல்லது காமா வேலரோலாக்டோன் கரைப்பானைப் பயன்படுத்த நினைக்கிறேன். கிராஃபீன் மைக்கும் மின்பகுளிக்கும் இரண்டுக்கும் சரியாகுமா?

மைக்குச் சரி. என்-மெத்தில் பைரோலிடோன் கருவைப் பாதிக்கும் நச்சு என்பதால் மாறுவது நல்லதே. சைரீனில் கிராஃபீன் நன்றாகப் பிரிந்து மிதக்கும். ஆனால் சைரீன் 227 டிகிரியில் கொதிப்பது. படலத்தை அறை வெப்பத்தில் காயவைத்தால் உள்ளே தங்கிவிடும். வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் பல மணி நேரம் வையுங்கள், எடை மாறாமல் நிற்கும் வரை.

மின்பகுளிக்குச் சைரீனைப் பரிந்துரைக்க மாட்டோம். அது ஒரு கீட்டோன். எதிர்ப்பக்கத்தில் தானே ஒடுங்கும். காரம் பட்டால் தன்னோடு தானே வினைபுரிந்து பிசினாகும். தண்ணீரோடு சேர்ந்து நீரேற்றாக மாறும். சாதாரண கார்ல் ஃபிஷர் வினைப்பொருளில் உள்ள மெத்தனால் கீட்டோனோடு வினைபுரிந்து தண்ணீரை உண்டாக்குவதால் ஈரம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கீட்டோனுக்கான தனி வினைப்பொருளை வாங்குங்கள். காமா வேலரோலாக்டோன் இதைவிட அடக்கமானது. கொதிநிலை 207 டிகிரி. துணை உப்புகள் அதில் கரைகின்றன, பாகுநிலையும் சைரீனைவிடக் குறைவு. வலுவான காரத்தில் வளையம் திறந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, முதலில் 3 மி.மீ. கிளாஸி கார்பனில் வெறும் கரைசலின் எல்லைகளை இரு பக்கமும் பார்த்துவிட்டுக் கிராஃபீனுக்குப் போங்கள்.